மடியில் முடிந்த ஒன்பது வோல்ட்

ஆவுடைநாயகம் பேட்டரிகளை நாக்கால் அறிந்தவர். சதுர பேட்டரியின் தலையில் இருக்கும் இரண்டு முனைகளையும் நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, ரசத்துக்குப் புளி பார்ப்பவரைப் போல ஒரு கணம் நிற்பார். சுருக்கென்று இழுத்தால் புதுசு. லேசாகப் புளித்தால் பாதி. ஒன்றுமே தெரியாவிட்டால் வெயிலில் வைக்க வேண்டியது. செத்துப்போனது என்றொரு வகை அவரிடம் கிடையாது. நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவர். இரண்டு வரப்புக்கு நடுவே விரற்கடை நிலம் கிடந்தாலும் அது இன்னாருடையது என்று எழுதாமல் வீடு திரும்பியதில்லை. அப்படிப்பட்டவர் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் மட்டும் எல்லைக்கல் நடாமல் விட்டிருந்தார். இதைத் தத்துவம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் மூன்று டப்பா நிறையப் பழைய பேட்டரி சேர்ந்தது ஒன்றுதான் அதன் பலன்.

வீடு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருந்தது. குற்றாலத்திலேயே குடியிருப்பவன் அருவிக்குப் போகமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் தினமும் போவார். தண்ணீர் நூலாக விழுந்தாலும் அந்த நூலுக்கு அடியில் போய் நிற்பார். மகள் ஸ்ரீவித்யாவின் சென்னை வீட்டில் பதினோராம் மாடியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, ஷவர் குளியலைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம். “தண்ணி விழுதா, இல்ல யாரும் மேல இருந்து துப்புதாங்களான்னு கடைசி வரைக்கும் தெரியல.”

ஆனால் அந்தப் பதினோராம் மாடி இரண்டு வருடமாக அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம் ஒரு வாளி. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்த ஒரு நாள், மனைவி முத்துவடிவு கடையத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இவர் வெந்நீரில் குளிக்கலாம் என்று பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டார். அந்த நேரம் பார்த்துத் தடை நீங்கியது என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வாளி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சுவர் உச்சி வரைக்கும் கறுத்திருந்தது.

செய்தி கேட்டு வந்த ஸ்ரீவித்யா கூடம், படுக்கையறை, சமையலறை நடை என்று மூன்று இடத்தில் கூரையில் புகை அலாரம் மாட்டினாள். வெள்ளையாக, வட்டமாக, கவிழ்த்து வைத்த தட்டைப் போல இருந்ததால் வீட்டில் அதற்குத் தட்டு என்றே பெயர் வந்துவிட்டது.

“அப்பா, இந்த மூணும் கத்துத வரைக்கும் நீங்க இங்கன இருக்கலாம்” என்றாள். “நான் வந்து பட்டனை அமுக்கும்போது ஒண்ணு கத்தலைன்னாலும் ரெண்டு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். வீட்ட வாடகைக்கு விட்டுருவேன்.”

சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் அவரிடமிருந்து போனதுதான் என்பதால் அவரால் குறை சொல்லவும் முடியவில்லை.

இந்த வருடம் ஆனி கடைசியில், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, கூடத்தில் ‘கிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. முத்துவடிவு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல்லி சொல்லுது என்று தரையை விரலால் மூன்று தட்டுத் தட்டினாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் ‘கிக்’. மறுபடியும் தட்டினாள். சாயங்காலத்துக்குள் அவள் ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். சுபச் செய்தி என்றிருந்தது.

“நிமிஷத்துக்கு ஒரு சுபச் செய்தி வந்தா எந்தக் குடும்பம் தாங்கும்?” என்று கேட்டாள்.

ஆவுடைநாயகம் கூடத்தின் மூன்று மூலைகளில் மாறி மாறி நின்று காது கொடுத்தார். மூன்று மூலையிலிருந்தும் மனத்தில் கோடு இழுத்தார். கோடுகள் தட்டில் போய்ச் சந்தித்தன. ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைத் திருகி, பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்தார். லேசான புளிப்பு.

“உயிர் இருக்கு” என்றார்.

ஒரே நாளில் மாட்டியவை ஒரே நாளில்தான் தளரும் என்று மற்ற இரண்டையும் கழற்றினார். மூன்றையும் ஒரு சில்வர் தட்டத்தில் வைத்து, வெயிலில் காய வைக்க முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வெயில் இல்லை. சீசனில் குற்றாலத்துக்கு எல்லாரும் வருவார்கள். வெயில் மட்டும் வராது. புதன்கிழமை முழுவதும், பத்து நிமிடம் வருவதும் போவதுமாக இருந்த ஒரு கையகல வெயிலைத் துரத்திக்கொண்டு தட்டத்தோடு முற்றத்தைச் சுற்றினார். கடைசியில் பேட்டரிகள் நனைந்ததுதான் மிச்சம். ஈரம் போக அரிசி டிரம்மில் புதைத்தார். முத்துவடிவு தோண்டி எடுத்து வெளியே வைத்தாள்.

“அப்ப தோசைக்கல்ல லேசாச் சூடு பண்ணி…” என்று ஆரம்பித்தார்.

“கல்லுல அதை வச்சீங்கன்னா, ஒண்ணு அது வெடிக்கும். இல்ல நான் வெடிப்பேன்.”

வியாழக்கிழமை ஸ்ரீவித்யா போன் செய்தாள். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறாளாம். தட்டு மூன்றும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். “மேலதான் இருக்கு” என்றார் ஆவுடைநாயகம். அவர் பொய் சொல்வதில்லை.

போனை வைத்ததும் முத்துவடிவு சொன்னாள். “அந்த லிப்டுல ஏறினா எனக்குத் தலை சுத்தும். வீம்பு பிடிக்காம நாளைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை காலை தென்காசிக்குப் பஸ் ஏறினார். ஹபீபுல்லாவின் எலக்ட்ரிக்கல் கடைக்கு வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார். ஹபீபுல்லா கடையநல்லூர்க்காரர். சவூதியில் இருபத்திரண்டு வருடம், நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் தொள்ளாயிரம் புகை அலாரங்களுக்குப் பேட்டரி மாற்றுவதே அவருக்கு வேலையாக இருந்தது. ஊருக்கு வந்து கடை வைத்த ஆறு வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு விஷயத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு, கேட்பார் இல்லாமல் ஃபேன் ரெகுலேட்டர் விற்றுக்கொண்டிருப்பது ஒரு வகைத் துறவுதான். ஆனால் அவராக விரும்பி ஏற்றது அல்ல.

ஆவுடைநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துப் படித்தார். “பாய், உயரம் நாப்பத்தெட்டரை மில்லி. அகலம் இருபத்தாறரை. கனம் பதினேழரை. மூணு குடும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“புகை வந்தா கத்துமே, அந்தத் தட்டுக்கு.”

ஹபீபுல்லா கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, இந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாக் காத்துக் கெடக்கேன். உக்காருங்க.”

“உக்கார நேரமில்லவே. அளவுதான் சொல்லிட்டேம்லா.”

“அளவு சரி. குணம்?”

“பேட்டரிக்கு என்னவே குணம்?”

“நீங்களும் நானும் ஒரே உயரந்தான். உங்களுக்குப் பதிலா என்னையக் கொண்டு வீட்டுல விட்டா மதினி சோறு போடுவாகளா?”

ஆவுடைநாயகம் உட்கார்ந்தார்.

ஹபீபுல்லா கண்ணாடிப் பலகை மேல் நான்கு பேட்டரிகளை வரிசையாக நிறுத்தினார். நான்கும் ஒரே அளவு. “இது மலிவு. பொம்மைக்கும் ரிமோட்டுக்கும் ஆவும். இது ஆல்கலைன். இது சார்ஜ் பண்ணுதது. இது லித்தியம், ரொம்ப நாள் வரும். எதைப் போடணும்னு நானும் சொல்லப்படாது, நீங்களும் சொல்லப்படாது. அந்தத் தட்டோட முதுகுல எழுதியிருக்கும். அதுதான் சட்டம். வீட்டுக்குப் போன் போடுங்க.”

போன் போட்டார். முத்துவடிவு ஸ்டூலில் ஏறித் தட்டைத் திருகி எடுத்து, திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தாள். “டி, ஓ. என், ஓ, டி. பி, ஏ, ஐ, என், டி.”

“பெயிண்ட் அடிக்கப்படாதுன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ என்ன?”

“ஸ்டூலுக்குக் கீழயா?”

“எழுத்துக்குக் கீழட்டி.”

கீழே ஆல்கலைன் என்று இருந்தது. கம்பெனி பெயர்கள் இரண்டு இருந்தன. சார்ஜ் செய்யும் பேட்டரி போடக் கூடாது என்றும் இருந்தது. ஹபீபுல்லா மேலே பார்த்து அல்ஹம்துலில்லா என்றார்.

“சார்ஜ் பண்ணுதது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?” என்று ஆவுடைநாயகம் கேட்டார். செலவழித்ததைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் பேட்டரி என்ற எண்ணமே அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

“சும்மா கெடந்தாலே சக்தி வடிஞ்சிரும். அதோட, அது சொல்லிட்டுச் சாகாது அண்ணாச்சி. காலைல நல்லாருக்கும், மத்தியானம் படுத்துரும். ஆல்கலைன் அப்படியில்ல. மாசக்கணக்குல முனங்கி, ஊரக் கூட்டிட்டுத்தான் போவும்.”

“எங்க பெரியப்பா மாதிரி.”

“அந்தப் பெரியப்பாதான் இந்தத் தட்டுக்கு வேணும்.”

ஹபீபுல்லா மூன்று ஆல்கலைன் அட்டைகளை எடுத்து வைத்து, பின்னால் அச்சடித்திருந்த வருடத்தைக் காட்டினார். அது தாண்டியதை எவன் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மாட்டியதும் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும், பிறகு மாதம் ஒரு தடவை. தட்டையே பத்து வருடத்தில் மாற்ற வேண்டும். ஆவுடைநாயகம் தலையசைத்துக்கொண்டே வந்தார். “முக்கியமானது ஒண்ணு” என்று ஹபீபுல்லா குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு ரெண்டு முனையும் தலையிலேயே பக்கத்துப் பக்கத்துல இருக்கு. சாவி, சில்லறை, ஜிகினாத் தாள், எது ரெண்டையும் சேத்துத் தொட்டாலும் உள்ள இருக்கிறது பூரா ஒரே மூச்சுல வெளிய வரும். தீப்பிடிச்சிரும்.”

“இம்புட்டுக்காணு சாமான்ல இருந்தா?” என்று கேட்டுவிட்டு, ஆவுடைநாயகம் மூன்று அட்டையையும் கிழித்தார். ஹபீபுல்லா தடுப்பதற்குள் முதல் பேட்டரி நாக்கில் இருந்தது.

“அண்ணாச்சி, மீட்டர் இருக்கு.”

“மீட்டர் பொய் சொல்லும்” என்றார் ஆவுடைநாயகம், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு. மூன்றையும் பார்த்தார். “நல்ல புளிப்பு.”

“சரி, ரெண்டு நிமிஷம் இருங்க. தலையில டேப் ஒட்டித் தாரேன்.”

அப்போது குற்றாலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸில் கூட்டம் தாங்காது. அவர் மூன்று பேட்டரியையும் எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டு ஓடினார். மடியில் ஏற்கெனவே வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. ஜிகினாத் தாளில் சுற்றிய வாசனைப் பாக்கும் இருந்தது. ஹபீபுல்லா சொன்ன மூன்று பொருளில் இரண்டு. அறிவு காதில் விழுவது ஒரு காரியம், மடி வரைக்கும் இறங்குவது வேறு காரியம்.

பஸ்ஸில் அருவிக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் எண்ணெய் வாசனையோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாரல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இடது இடுப்பில் ஒரு கதகதப்பு தெரிந்தது. குளிருக்கு இதமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பவர் வெந்நீர் ஃபிளாஸ்க் வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, மனதுக்குள் நன்றிகூடச் சொன்னார். இலஞ்சி நெருங்கும்போது இதம் போய்ச் சூடு வந்தது. சூட்டுக்குப் பின்னால் வாசனை வந்தது. துணி கருகும் வாசனை. அவர் குனிந்து பார்த்தார். மடியிலிருந்து மெல்லிய ஒரு புகை, அவசரமே இல்லாமல், ஊதுவத்தியிலிருந்து வருவதுபோல எழுந்துகொண்டிருந்தது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவர் எழுந்து நின்று ஒரே உதறில் வேட்டியை அவிழ்த்தார்.

கண்டக்டர் பாண்டியராஜ் அவரைத் தினமும் பார்க்கிறவர். டிக்கெட் கிழிப்பதை நிறுத்தாமல் சொன்னார். “அண்ணாச்சி, அருவிக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கெடக்கு. அங்கன போய் அவுத்துக்கிடலாம்.”

“எரியுதுவே.”

“எண்ணெய் தேய்க்கதுக்கு முந்தியேவா?”

“பேட்டரி எரியுது.”

பாண்டியராஜ் கீழே பார்த்தார். வேட்டிக் குவியலில் ஒரு பேட்டரி சாவிக்கொத்தையும் ஜிகினாத் தாளையும் தலையில் சூடிக்கொண்டு புகைந்துகொண்டிருந்தது. விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, செருப்புக் காலால் சாவியை ஒரு பக்கம் தள்ளினார். பேட்டரிகளை ஒவ்வொன்றாக உதைத்து, படிக்கட்டு வழியாகச் சாலையோர ஈர மணலில் தள்ளினார். வரி போட்ட டிரவுசரோடு ஆவுடைநாயகம் நின்றார். சீசனில் அந்தக் கோலத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர் என்பதால் வண்டி அவரை மன்னித்தது. இடுப்பில் எலுமிச்சை விதை அளவுக்கு ஒரு கொப்புளம். வேட்டியில் எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் பழுப்பு வளையம், நில அளவைப் படத்தில் கிணறு போட்டதுபோல.

ஓட்டையை உள்மடிப்பில் மறைத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் தென்காசிக்கே திரும்பினார். ஏறுவதற்கு முன்னால், மணலில் ஆறிப்போன பேட்டரிகளைப் பொறுக்கி, தனித்தனித் தாளில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஹபீபுல்லாவிடம் ஓட்டையைக் காட்டினார். ஹபீபுல்லா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. புது ஆல்கலைன் மூன்றின் தலையிலும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார்.

“மாட்டும்போது உரிச்சாப் போதும். சட்டைப் பையில தனியா வச்சுக்கிடுங்க. பழசு எல்லாத்துக்கும் இதே மாதிரி தலையில ஒட்டி எங்கிட்டக் கொண்டாங்க. குப்பையில போடாதீங்க. நான் ஏற்பாடு பண்ணுதேன்.”

“டேப்பு ஒரு சுருள் குடும்” என்றார் ஆவுடைநாயகம். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு பெரிய வாக்கியம்.

அன்று மத்தியானம் தட்டு மூன்றும் மாட்டப்பட்டன. பட்டனை அமுக்கியதும் ஒவ்வொன்றும் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் சோற்றை விட்டு ஓடியது. சாயங்காலம் வரை உட்கார்ந்து, மூன்று டப்பாப் பழைய பேட்டரிக்கும் தலையில் டேப்பால் பட்டி கட்டினார். ஓட்டை வேட்டி பீரோவில் முத்துவடிவின் கல்யாணப் புடவைக்கு அடியில் போனது.

“இது வித்யாவுக்குத் தெரியப்படாது” என்றார்.

“நான் ஏன் சொல்லுதேன்? எனக்கு அந்த லிப்டு.”

சனிக்கிழமை காலை ஸ்ரீவித்யா வந்தாள். பையைக் கூட வைக்காமல் ஸ்டூலில் ஏறினாள். கூடம் கத்தியது. படுக்கையறை கத்தியது. நடை கத்தியது. தட்டின் விளிம்பில் அப்பா எழுதியிருந்த தேதியைத் தடவிப் பார்த்தாள். “பரவால்லயே” என்றாள். அந்த வீட்டில் அது விருதுக்குச் சமம். முத்துவடிவு இட்லி ஊற்றப் போனாள். ஆவுடைநாயகம் துண்டைத் தோளில் போட்டார்.

“நீங்க வெயில்ல வச்சிருப்பீங்கன்னு நெனச்சு நானும் வாங்கிட்டு வந்தேன்” என்று ஸ்ரீவித்யா கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். வீட்டுச் சாவி, சில்லறை, இயர்போன் வயர், ஜிகினா மாத்திரை அட்டை, இவற்றோடு சதுர பேட்டரிகள் மூன்றும் விழுந்தன. மூன்றும் அம்மணமாக இருந்தன. “பையில எடம் பத்தலை, அட்டையப் பிரிச்சுப் போட்டுட்டேன். சார்ஜ் பண்ணுத டைப்புப்பா. இனிமே வாங்கவே வேண்டாம்.” எல்லாவற்றையும் திரும்ப வாரிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவுடைநாயகத்தின் இடது இடுப்பு சுரீரென்றது.

சும்மா இருந்தால் அருவி. வாயைத் திறந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பதில் பீரோவில் இருக்கிறது. பீரோ திறந்தால் பதினோராம் மாடி. இரண்டு பக்கத்தையும் அளந்து பார்த்தார். எத்தனையோ எல்லைத் தகராறுகளைத் தீர்த்தவருக்கு இது அரை நிமிடம் பிடித்தது. அதைக்கூட அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஏட்டி, பையத் தூரப் போடு” என்றார்.

“ஏன்ப்பா?”

“சாவியும் பேட்டரியும் ஒண்ணாக் கெடக்கு. தீப்பிடிக்கும்.”

“ஒரு ராத்திரி பூரா ரயில்ல தலைமாட்டுலதான் வச்சிருந்தேன். ஒண்ணும் ஆகலையே. உங்களுக்கு யார் சொன்னா?”

அவர் பீரோவைத் திறந்தார். சமையலறை வாசலில் முத்துவடிவு கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து வேட்டியை உருவி, மகளுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். ஓட்டை வழியாக அவளுடைய ஒரு கண் மட்டும் அவருக்குத் தெரிந்தது.

“இது எங்கன வச்சு?” என்றது அந்தக் கண்.

“இலஞ்சிகிட்ட.”

“பஸ்லயா?”

“ஆமா.”

“வேட்டி?”

“அவுத்துட்டேன்.”

எங்கிருந்தோ ‘கிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரைத் தட்டைப் பார்த்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் நிஜமான பல்லி ஒன்று இருந்தது. முத்துவடிவு வீங்கிய விரலால் சுவரைத் தட்டினாள்.

ஸ்ரீவித்யா பையை மெதுவாகத் திறந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஒன்று லேசாகச் சுட்டிருக்க வேண்டும், விரலை ஊதிக்கொண்டாள். ஆவுடைநாயகம் டேப்பைக் கொடுத்தார். அவள் ஒட்டினாள்.

“சார்ஜ் பண்ணுதது தட்டுக்கு ஆகாது” என்றார் அவர், இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவரின் தைரியத்தோடு. “சொல்லிட்டுச் சாகாது. முதுகுல எழுதியிருக்கு, உங்க அம்மையக் கேளு.”

ஸ்ரீவித்யா முதலில் வேட்டியைப் பார்த்தாள். பிறகு டிரவுசரோடு பஸ்ஸில் நின்ற அப்பாவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

“எங்க பிளாட்டுல தட்டே கெடையாதுப்பா. வாங்கணும். எந்த பேட்டரின்னு எழுதிக் குடுங்க.”

“அப்ப சென்னைக்கு?”

“நான் போறேன். நீங்க அருவிக்குப் போங்க.”

அவர் துண்டைச் சரி செய்துகொண்டு நடையை நோக்கி நகர்ந்தார்.

“அப்பா, மடியில என்ன இருக்குன்னு காட்டிட்டுப் போங்க.”

ஆவுடைநாயகம் திரும்பி வந்து, மகளுக்கு முன்னால் நின்று, மடியை அவிழ்த்துக் காட்டினார். வாசனைப் பாக்கு இருந்தது. ஜிகினாத் தாளைச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது.